விற்றவருக்குப் பங்கில்லையா?

டாஸ்மாக்கின் வருமானக் கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம்: 2023-24ல் மட்டும் 45,855 கோடி ரூபாய். இந்த வாரம் பொறுப்புக் கணக்கு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று மாலை எந்தக் கடையிலும் கூட்டம் தெருவரை நிற்கும். நிற்கவே தள்ளாடும் ஒருவர் இன்னொரு குவாட்டர் வாங்கிக் குடித்துவிட்டு பைக்கை எடுத்து, பல்லடம் சாலையில் ஒருவர் மீது மோதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு அவர் மீது பாயும். இழப்பீட்டு வழக்கில் ஓட்டியவர், வண்டியின் சொந்தக்காரர், காப்பீட்டு நிறுவனம் மூவரும் எதிர்மனுதாரர்கள். கடைசி குவாட்டரைக் கொடுத்தவர் அந்தப் பட்டியலில் இல்லை.

அவர் தப்புவதற்கு வசதியாகவே இங்கே ஏற்பாடு அமைந்திருக்கிறது. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள பாரோ டெண்டர் எடுத்த தனியாருடையது. தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் எடுப்பதும்தான் அவருடைய உரிமை. கம்பிக்குள்ளே இருக்கும் சேல்ஸ்மேன் கண்ணுக்கு நீளும் கைதான் தெரியும். குடிப்பவர் நிலை குலைவதை மணிக்கணக்கில் பார்க்கும் பார்காரரோ, மதுவை விற்றது தானில்லை என்பார். விற்பவருக்குத் தெரியாது, தெரிந்தவர் விற்கவில்லை. லாபம் இருவருக்கும் உண்டு, பொறுப்பு இருவருக்கும் இல்லை.

இதற்கு வழி கண்ட நாடுகள் உண்டு. போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே மது விற்பது பிரிட்டனில் குற்றம். அமெரிக்காவின் பல மாநிலங்களில், பாதிக்கப்பட்டவர் பார் மீதே வழக்குப் போடலாம். கனடாவில், போதையேறிய வாடிக்கையாளரை ஒரு ஹோட்டல் இரவில் வெளியே தள்ள, நெடுஞ்சாலையில் நடந்த அவர் மீது கார் மோதியது. 1973ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஹோட்டல், கார் ஓட்டியவர், குடித்தவர் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. நம் நாட்டிலும் இந்த நியாயம் புதிதல்ல. 2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இரண்டு மென்பொறியாளர்கள் இறந்தபோது, ஓட்டிய சிறுவனுக்கு மது கொடுத்த பார்களைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். சிறார் நீதிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. குடித்தவர் வயது வந்தவர் என்றால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

வயது வந்தவரின் குடிக்கு அவரே பொறுப்பு என்பது வலுவான வாதம். 2009ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆனால் அந்த வழக்கில் இறந்தவர் குடித்தவரே. எதிரே வந்து அடிபட்டவர் எந்தக் குவாட்டருக்கும் சம்மதம் தரவில்லை. தவிர, ஓட்டியவரை விடுவிக்கச் சொல்லவில்லை. இழப்பீட்டில் விற்றவருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதே கோரிக்கை. கெடுபிடி அதிகமானால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த 2024 கள்ளக்குறிச்சியை யாரும் மறக்கவில்லை. இங்கே கேட்பது கடையை மூடச் சொல்லி அல்ல, கண்ணெதிரே தள்ளாடுபவருக்கு அடுத்த பாட்டிலை மறுக்கச் சொல்லி.

நாம் இதுவரை அளந்தது தூரத்தை மட்டுமே. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைகள் ஊருக்குள் இடம்பெயர்ந்தன. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அதை எதிர்த்த பெண்கள் போலீஸிடம் அடி வாங்கினார்கள். கடை நகர்ந்தது, விற்கும் முறை மாறவில்லை. தள்ளாடுபவருக்கு மது மறுக்கும் கடமையைப் பார் உரிமத்திலேயே எழுத வேண்டும். அங்கே கேமராவும், விபத்து இழப்பீட்டுக்கான காப்பீடும் கட்டாயமாக வேண்டும். டாஸ்மாக்கும் இழப்பீட்டில் பங்கேற்க வேண்டும். அதுவும் ஒரு நிறுவனம்தான். வியாபாரம் செய்யும் அரசுக்கு வியாபாரியின் கடமையும் உண்டு.

(தொடரும்)