விமான போல்ட்டுக்கு எத்தனை விழுக்காடு?

சுங்க வரி அட்டவணையின் 88ஆவது அத்தியாயம் விமானங்களுக்கு உரியது. விமானமும் ஹெலிகாப்டரும் 8802, ஆளில்லா விமானம் 8806, பாகங்கள் 8807. கடைசி இரண்டு எண்களும் 2022 ஜனவரி 1 முதல் வந்தவை. அதுவரை பாகங்களின் எண் 8803.

விமானத்தில் பொருத்தப்படும் எல்லாமே 8807 ஆகிவிடாது. இந்த அத்தியாயம் அடங்கிய 17ஆம் பிரிவின் 2ஆவது குறிப்பு ஒரு நீண்ட விலக்குப் பட்டியல். எஃகு போல்ட் 7318, வால்வு 8481, பேரிங் 8482, அளவீட்டுக் கருவிகள் 90ஆவது அத்தியாயம். விமானத்துக்கென்றே செய்தது என நிறுவினாலும் போல்ட் போல்ட்தான். இவை தவிர டர்போஜெட் என்ஜினுக்கு 8411, இருக்கைக்கு 9401, டயருக்கு 4011 எனத் தனித் தலைப்புகள் உண்டு.

டயரில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் ஆலை லாரி, பேருந்து டயர்களைத் தயாரிக்கிறது. அவற்றின் எண் 4011 20. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 21 வரை 28 விழுக்காடு, மறுநாள் முதல் 18 விழுக்காடு. விமான டயரின் எண் 4011 30. ஜிஎஸ்டி 5 விழுக்காடு. ஆறாவது இலக்கம் வரை போகாமல் வரி தெரியாது.

போல்ட்டின் பொது விகிதத்தில் அந்தச் சலுகை இல்லை. எஃகுத் திருகு, போல்ட் வகைகளின் அடிப்படைச் சுங்க வரி 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. 1,00,000 ரூபாய் மதிப்புள்ள இறக்குமதிச் சரக்கை வைத்துக் கணக்கிடலாம். அடிப்படை வரி 15,000 ரூபாய். அதன் மேல் 10 விழுக்காடு சமூக நல மேல்வரி 1,500 ரூபாய். கூடிய தொகை 1,16,500 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கு விதிக்கப்படும் ஜிஎஸ்டி, 20,970 ரூபாய். மொத்த வரி 37,470 ரூபாய்.

2024 ஜூலை 15 முதல், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இறக்குமதியாகும் விமான பாகங்கள் அனைத்துக்கும் வகைப்பாட்டு எண் எதுவானாலும் ஐஜிஎஸ்டி 5 விழுக்காடு. முன்பு 5, 12, 18, 28 என நான்கு விகிதங்கள் இருந்தன. இந்த ஏற்பாடு நியாயமானது. ஐஜிஎஸ்டியைப் பொறுத்தவரை எண்ணைப் பற்றிய வழக்குகளின் ஊற்றையே அது அடைக்கிறது. மேற்சொன்ன சரக்குக்கு ஐஜிஎஸ்டி 5,825 ரூபாயாகவும், மொத்த வரி 22,325 ரூபாயாகவும் குறையும். மிச்சம் 15,145 ரூபாய். ஆனால் எஞ்சிய வரியில் 16,500 ரூபாய், அதாவது ஏறத்தாழ 74 விழுக்காடு, சுங்க வரியும் மேல்வரியும். அந்தப் பங்கை இன்னமும் வகைப்பாட்டு எண்தான் தீர்மானிக்கிறது.

விமானப் பழுதுபார்ப்புக்கான பாகங்களாக நிபந்தனைகளின்படி வந்தால் அடிப்படை வரியும் விலக்கு. அப்போது மொத்த வரி 5,000 ரூபாய் மட்டுமே.

இதே போல்ட்டைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூரிலோ ஒரு பட்டறை செய்து 1,00,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். எண் 7318தான், ஜிஎஸ்டி 18,000 ரூபாய். ஐந்து விழுக்காட்டுச் சலுகை இறக்குமதிக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டது. சுங்க விலக்கு இல்லாத இறக்குமதியைவிட உள்ளூர்ச் சரக்கின் வரி 4,325 ரூபாய் குறைவு; விலக்குள்ள இறக்குமதியைவிட 13,000 ரூபாய் கூடுதல்.

வாங்குபவர் உள்ளீட்டு வரி வரவு பெற்றால் அந்த 13,000 ரூபாய் சில வார நடைமுறை மூலதனச் சுமையோடு தீரும். எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. சிக்கன வகுப்புப் பயணச்சீட்டுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதற்கு ஈடாக, விமான நிறுவனம் சரக்குகள் மீதான வரவைக் கோர முடியாது. அத்தகைய பயணங்களுக்குச் செலவாகும் போல்ட்டில் 13,000 ரூபாயும் அடக்க விலையில் ஏறும். விலை சமமானால் கொள்முதல் மேலாளர் இறக்குமதிச் சரக்கைத்தான் எடுப்பார். உள்ளூர்ப் பட்டறை ஈடுகொடுக்க வேண்டுமானால், வரி சேர்த்து 1,05,000 ரூபாய்க்குள் நிற்க, தன் விலையை ஏறத்தாழ 88,980 ரூபாய்க்கு இறக்க வேண்டும். அது 11 விழுக்காடு வெட்டு.