நான் கட்டிய குட்டிச்சுவர்!

'உருப்படாம குட்டிச்சுவராப் போயிட்டான்!' என்று அப்பா என்னைத் திட்டியது பள்ளிக்கூட நாட்களில். அப்புறம் எப்படியோ படித்து, பரீட்சை எழுதி, திண்டுக்கல்லில் ஒரு ஆபீஸில் மேஜை நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டதால் அந்த வசனம் நின்றுபோயிருந்தது. போன மாசி மாசம் மறுபடி அதே வார்த்தை காதில் விழுந்தது. ஆனால், அப்பா இந்த முறை திட்டியது என்னையல்ல... நான் கட்டிய சுவரை!

செம்பட்டியில் எங்கள் வீட்டைக் கட்டி முடித்தபோது 400 செங்கல் மிச்சம். மூன்று வருஷமாகக் கொல்லையில் அடுக்கிக் கிடந்து, பூரான்கள் வாடகை தராமல் குடியிருந்தன. வீட்டு முன்பக்கத்தில் 12 அடிக்குச் சுவர் கிடையாது. கடைக்கால் மட்டும் போட்டு விட்டிருந்தோம். அந்த வழியாகத் தெரு ஆடுகள் தினமும் ஆஜராகி, என் மனைவி வளர்த்த செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போகும்.

"ஒரு மூணடிச் சுவருக்கு வக்கில்லையா இந்த வீட்டுல?" என்றாள் மனைவி.

கொத்தனார்களைக் கேட்டேன். "இத்தினிக்கூண்டு வேலைக்கெல்லாம் ஆள் வராதுண்ணே" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆபீஸில் தினமும் ஃபைல் அடுக்குகிறவனுக்குச் செங்கல் அடுக்கத் தெரியாதா? கரண்டி ஒன்று, பாண்டு ஒன்று வாங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஏழு வரிசை ஏறிவிட்டது. இடுப்பில் கை வைத்து நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுத் தாத்தா மெதுவாக வந்தார். நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் ஓரமாகப் பார்த்தார்.

"தம்பி, ஒஞ் செவுரு கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிக்கிது போல. மேக்க சாஞ்சுருக்கே!"

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் பஸ்கள் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போவது உண்மைதான். அதற்காக என் சுவருமா? ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார். இரண்டரை அடி உயரத்துக்குள் சுவர் ஒன்றரை அங்குலம் வெளியே போயிருந்தது.

"பிரிச்சிரு."

"மூணடிச் சுவர்தானே தாத்தா... விழுந்தாத்தான் என்ன?"

அவர் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் காட்டினார். என் நாலு வயசுப் பையன் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. முழுச் சுவருக்கு 350 கல் என்றால் ஒரு டன்னுக்கு மேல். 2019 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு மதில் சுவர் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனது ஞாபகம் வந்தது. அது பெரிய மதில், என்னுடையது குட்டிச்சுவர்தான். ஆனால், சாய்ந்த சுவருக்குச் சின்னது, பெரியது என்ற பாகுபாடு தெரியாதே! அன்றைக்கே என் கையாலேயே பிரித்தேன். அடுத்த ஞாயிறு தாத்தா எனக்கு வாத்தியார்.

முதல் பாடம்: "கண்ணை நம்பாதே, நூலை நம்பு!" கைதேர்ந்த கொத்தனாருக்குக் கண்ணே பாதி மட்டம். நம் கண்ணோ எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் களைத்த கண். அதற்கு ஊன்றுகோல் வேண்டும். அந்த ஊன்றுகோல்களுக்கு எனக்கு ஆன செலவு, ரெண்டு பேர் பிரியாணி சாப்பிடுகிற காசு.

சுவரின் இரண்டு முனையிலும் நேரான இரும்புச் சதுரக் குழாய் ஒவ்வொன்றை நட்டோம். தூக்குக்குண்டு பிடித்து அவற்றைச் செங்குத்தாக்கி, ஆடாமல் முட்டுக் கொடுத்தோம். என்னிடம் இருந்தது 19 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரமுள்ள மாடுலர் கல். கலவை 1 செ.மீ. சேர்த்தால் வரிசைக்குச் சரியாக 10 செ.மீ. அந்தக் கணக்கில் குழாயில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு. 9 கோட்டில் மூணடி முடிந்தது. கோட்டுக்குக் கோடு நூலை ஏற்றிக் கட்டி, கல்லை நூல் ஓரமாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். கல் நூலைத் தொடக் கூடாது. தொட்டால் நூல் வளையும், பின்னாலேயே சுவரும் வளையும். (நாட்டுச் செங்கல் வைத்திருப்பவர்கள் தங்கள் கல்லை அளந்து கோடு போடவும். என் கோட்டைக் காப்பியடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்!)

இரண்டு குழாயிலும் முதல் கோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமே? அதற்கு ட்யூப் மட்டம். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, இந்த முனையில் நான், அந்த முனையில் மனைவி. உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல், இரண்டு வாயும் திறந்திருந்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் முழுசாக ஒத்துப்போனது அந்த ஒரு நிமிஷம்தான்!

செல்போனில் மட்டம் பார்க்கும் வசதியைப் பெருமையாகக் காட்டினேன். "அதை வெச்சுப் பேசு தம்பி, போதும்" என்றவர், தன் ரசமட்டத்தை எடுத்தார். பெயரில்தான் ரசம். உள்ளே பாதரசமும் இல்லை, மிளகு ரசமும் இல்லை. ஸ்பிரிட்! வாங்கும்போது ஒரு பரீட்சை வையுங்கள். சமதளத்தில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அப்படியே முனை மாற்றித் திருப்பி வையுங்கள். அதே இடத்தில் நின்றால் நல்ல மட்டம். இடம் மாறினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது கலவை. என் முதல் சுவரில் ஒரு இடத்தில் தோசை கனம், ஒரு இடத்தில் ஊத்தப்பம் கனம். மேலைநாடுகளில் வீட்டு வேலையைத் தாங்களே செய்பவர்களுக்கென்று இதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் விற்கிறார்கள். வரிசை மேல் வைத்து, கலவையை நிரப்பி, வழித்துவிட்டு நகர்த்தினால் ஒரே கனம். நான் ரீப்பர் கட்டையில் 12 மி.மீ. கனத்துக்கு ஒன்று அடித்துக்கொண்டேன். கல்லை வைத்து அமுக்கும்போது கொஞ்சம் இறங்குமல்லவா? தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடை பழகுற பிள்ளைக்கு நடைவண்டி மாதிரி. சரி, வெச்சுக்க!" என்றார்.

நான் செங்கல்லுக்கு ஒரு தரம் குனிந்து நிமிர்ந்ததில் முதுகு விண்ணென்று தெறித்தது. இதே வலியிலிருந்துதான் ஒரு சாஸ்திரமே பிறந்தது தெரியுமோ? அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் 1885-ல், 17 வயதில், கொத்து வேலை பழகப் போனார். ஆளாளுக்கு ஒரு விதமாகக் கை வீசுவதையும், ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிவதையும் கவனித்தார். கல்லும் கலவையும் கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும்படி ஏற்றி இறக்கும் சாரம் செய்தார். ஒரு கல் வைக்க 18 அசைவு செய்தவர்களுக்கு 5 அசைவு போதும் என்றானது. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள்! இன்றைக்கு ஆபீஸ்களில் நம் உயிரை வாங்கும் வேலைத்திறன் ஆராய்ச்சிக்கெல்லாம் அவரும் ஒரு மூலபுருஷர். மேனேஜர் அடுத்த தடவை அறிக்கை கேட்கும்போது யாரைத் திட்ட வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதா? நான் செய்ததெல்லாம், பழைய பெஞ்சு ஒன்றில் கல்லை அடுக்கிவைத்தது மட்டும். முதுகு வாழ்த்தியது.

அமெச்சூர் கொத்தனார்களில் பெரிய ஆள் வின்ஸ்டன் சர்ச்சில். தன் சார்ட்வெல் பண்ணை வீட்டில் கரண்டி பிடித்துச் சுவர் கட்டியவர். பிரிட்டனின் நிதியமைச்சராக இருக்கும்போதே, 1928-ல், கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். அப்பேர்ப்பட்டவரே பொழுதுபோக்காகச் செய்த வேலை என்றதும் என் மனைவிகூடக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள்.

கருவி எதுவும் சொல்லித்தராத சங்கதிகளைத் தாத்தா சொன்னார். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஆகவே ஊறவைத்துக் கட்டு. தண்ணீர் விட்ட சிமென்ட் கலவையை அரை மணிக்குள் தீர்த்துவிடு. இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழப்பாதே. கீழ் வரிசை இணைப்புக்கு நேர்மேலே இன்னொரு இணைப்பு வரக் கூடாது. கட்டியபின் ஏழு நாளாவது நனைத்து வை. "அப்புறம் தம்பி, மூணடியோட நிறுத்திக்க. ஆள் ஒசரச் செவுரு, மண்ணைத் தாங்குற செவுரு, கூரை ஒக்கார்ற செவுரு... இதுக்கெல்லாம் ஆளைக் கூப்பிடு. கூலியில கஞ்சத்தனம் பண்ணாத!"

இரண்டாவது சுவருக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. முடிந்த அன்று தாத்தா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை நான். மேலே, நடுவில், கீழே... குண்டு ஆடி நின்றது. இடைவெளி எங்கும் ஒன்றுபோல் இருந்தது.

"ம்... பஸ்ஸு போயிருச்சு. செவுரு நிக்கிது!" என்றார். நாற்பது வருஷத் தொழில்காரரின் வாயிலிருந்து அதற்கு மேல் சர்டிஃபிகேட் எதிர்பார்க்கக் கூடாது.

பையன் இப்போதும் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்கிறான். நானும் ஆபீஸ் விட்டு வந்து பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்காருகிறேன், நிம்மதியாக.

ஆடுகளா? மறுநாள் காலையில் வந்தன. சுவரைப் பார்த்தன. ஒரு எம்பு எம்பி உள்ளே குதித்து, மிச்சமிருந்த செம்பருத்தியையும் முடித்துவிட்டுப் போயின.

மூணடி பத்தாதாம்!