அச்சு அசல்!

ஆம்பூர்க்காரனை ஏமாற்றுவது லேசில்லை என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் இருந்தது. போன மாதம் வரை.

காரணம் இருக்கிறது சார். தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் எதிரே 'ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி' போர்டு தொங்கும். ஒரே வாயில் அசலா போலியா என்று சொல்லிவிடுவோம். பெல்ட்டைக் கொடுத்தால் தடவிப் பார்த்தே லெதரா ரெக்ஸினா என்போம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பி.காம். முடித்து, ஷூ கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டே பத்திரிகைகளுக்கும் எழுதும் அடியேன், மூன்றே முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் பொம்மையிடம் தோற்ற கதை இது.

பொம்மையின் பெயர் ஸ்நேக் ஐஸ். கறுப்பு டிரஸ், முகமூடி. ஜி.ஐ. ஜோ கோஷ்டியின் நிஞ்ஜா. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1982ல் இந்த சைஸில் இறக்கிய பொம்மைகளை, நம் நாட்டில் ஃபன்ஸ்கூல் தயாரித்தது. டயர் கம்பெனியான எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாக 1987ல் ஆரம்பித்த கம்பெனி. அமெரிக்காவில் வராத கலர்களில் எல்லாம் இங்கே வந்ததால், இன்று வெளிநாட்டு ஆசாமிகள் அந்த இந்திய ஜோக்களைத் தேடி அலைகிறார்கள்.

1995ல் எனக்கு எட்டு வயசு. அப்பாவுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. போனஸ் வாங்கிய கையோடு மெட்ராஸ் போனவர், இந்த நிஞ்ஜாவோடு திரும்பினார். ஒரு வருஷம் அது என் தலையணைக்கு அடியில் தூங்கியது.

1996 ஆகஸ்டில் பாலாறு மாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. கழிவுநீரைச் சுத்திகரிக்காத டேனரிகளை மூடு என்றது. ஆறு பட்ட பாட்டுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அப்பா வேலை பார்த்த இடத்துக்கும் பூட்டு விழுந்தது. எங்களுக்கு மூன்று மாத வாடகை பாக்கி. கேட்க வந்த வீட்டுக்காரரோடு அவர் பையனும் வந்தான். பொம்மையைப் பார்த்து "எனக்கு" என்றான். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி, செல்போனில் அதே நிஞ்ஜா! 'வின்டேஜ், ஃபன்ஸ்கூல் ஒரிஜினல், 3,200 ரூபாய்.' ஆபீஸில் 32 ரூபாய் வவுச்சருக்கு மூன்று கேள்வி கேட்கிறவன், 3,200க்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. பணம் போய்விட்டது.

டெல்லியிலிருந்து பார்சல் வந்தது. பிரித்து அப்பா கையில் வைத்தேன். அவருக்குக் கண்புரை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். பார்வை மங்கல்; கட்டைவிரல் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

தடவினார். முகர்ந்தார்.

"இன்னா விலை?"

"முந்நூறுப்பா." (ஒரு சைபரை விழுங்கினேன். கூடவே ஒரு இருபதையும்.)

"டூப்ளிகேட்டுடா!"

மட்டமான தோலில் பிளேட் வைத்து அழுத்தி, நல்ல தோல் மாதிரி காட்டுவார்களாம். "அசல்ல மயிர்க்கால் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா இருக்கும். அச்சுல எல்லாம் ஒண்ணாட்டமே இருக்கும். அதே கதைதான் இது. இடுப்புல எழுத்து கரைஞ்சிருக்கு பாரு, ஓரத்துல பிசிறு. முப்பது வருஷத்துப் பிளாஸ்டிக்ல புது பக்கெட் வாசனை எப்படிடா வரும்?"

விசாரித்தேன். அத்தனையும் சரி. கம்பெனியின் அச்சு கிடைக்காதவர்கள், அசல் பொம்மையிலிருந்தே புது அச்சு எடுக்கிறார்கள். அதில் வார்த்தால் இம்மியளவு சுருங்கும், எழுத்து மழுங்கும். உள்ளே உடம்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் வளையம் மட்டும் புதுசாக இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய ரப்பர் இற்றுப்போகும், யாராவது மாற்றியிருப்பார்கள்.

ஆகவே நண்பர்களே, பணம் அனுப்புமுன் முதுகையும் இடுப்பு எழுத்தையும் க்ளோஸப்பில் கேளுங்கள். பக்கத்தில் அன்றைய பேப்பரை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இதில் ஒன்றும் செய்யவில்லை. விற்ற ஆசாமியின் போன் ஸ்விட்ச் ஆஃப். தமாஷ் என்னவென்றால், அதே ஃபன்ஸ்கூலுக்கு இப்போது ராணிப்பேட்டையில் ஃபாக்டரி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். நான் டெல்லியிலிருந்து போலியை வரவழைத்தேன்!

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். பொம்மையைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அப்பா தரவில்லை.

"வீட்டுக்காரன் பையன் எடுத்துனு போனது இதானே?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து முதல் தடவையாகக் கேட்கிறார்.

"அன்னிக்கு நான் எழுந்து வந்து, வேணாம்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.

நிஞ்ஜாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இருந்தாலும் முந்நூறு ரூபா ரொம்ப ஜாஸ்திடா."