மணிக்கொரு முறை குறிக்கப்படும் எண்கள்

2012 மார்ச் மாதக் கடைசி. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன், பள்ளியில் கூடைப்பந்து ஆடும்போது பந்துக்காகப் பாய்ந்து விழுந்தான். கையில் சிராய்ப்பு. பிளாஸ்டர் ஒட்டினால் போதும் என்கிற அளவுக்குச் சின்னக் காயம். அடுத்த நாளே காய்ச்சல், வாந்தி, தாங்க முடியாத கால் வலி. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுக் கோளாறு, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் கிளம்பிய பிறகு ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. வெள்ளணுக்களின் கணக்கு தாறுமாறாக இருந்தது. அதை யாரும் வீட்டாருக்குச் சொல்லவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி ரோரி இறந்துபோனான்.

அவனுடைய நாடித்துடிப்பு, காய்ச்சல், மூச்சின் வேகம் எல்லாம் அங்கேயே அளந்து எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் காய்ச்சல் கண்ட எந்தப் பையனுக்கும் இருக்கக்கூடியதுதான். மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் செப்சிஸ் என்ற சந்தேகம் வந்திருக்கும். பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2013இல் நியூயார்க் மாநிலம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. செப்சிஸை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த நேரத்துக்குள் எதைச் செய்வது என்ற எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும். ‘ரோரி விதிகள்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

நம் ஊரில் ஒரு புண் சீழ் பிடித்தால் ‘செப்டிக் ஆயிடுச்சு’ என்போம். மருத்துவர் சொல்லும் செப்சிஸ் அதைவிட மிகப் பெரிய விபத்து. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் தற்காப்பு, கட்டுப்பாட்டை இழந்து சொந்த உறுப்புகளையே சேதப்படுத்துவதுதான் செப்சிஸ். 2016இல் வகுக்கப்பட்ட வரையறையின் சாரம் இது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் சுவர் வழியே நீர் கசிகிறது. நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. ஆக்சிஜனைச் சரிவரப் பயன்படுத்த முடியாமல் திசுக்கள் திணற, ரத்தத்தில் லாக்டேட் ஏறுகிறது. போதுமான நீர் ஏற்றிய பிறகும், மருந்தின் துணையில்லாமல் ரத்த அழுத்தம் நிற்காமல், லாக்டேட்டும் 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். அந்தக் கட்டத்தை எட்டியவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுகிறார்கள்.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டின் மரணங்களில் ஐந்தில் ஒன்று.

மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். ஷிஃப்ட் முழுக்கக் கட்டிலருகே இருப்பவர் செவிலியர். செப்சிஸின் முதல் அடையாளங்கள் பெரும்பாலும் அவர் கண்ணில்தான் படும். அவற்றில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சின் எண்ணிக்கை. நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கருவி காட்டிவிடுகிறது; மூச்சைப் பல வார்டுகளில் ஒரு முழு நிமிடம் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 22ஐத் தொட்டால் கவலைப்பட வேண்டும். இன்னொரு அடையாளம் மனக்குழப்பம். காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதை நம் பாட்டிமார் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்றார்கள். மூளை தடுமாறுவது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது, உடம்பு சில்லிட்டுக்கூடப் போகலாம். ‘அப்பா நேற்றிலிருந்து ஒரு மாதிரியா பேசுறார்’ என்று மகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் செவிலியர், ஒரு பரிசோதனைக்கு ஈடான தகவலைப் பெறுகிறார்.

இங்கேதான் பராமரிப்புத் திட்டம், அதாவது ‘கேர் பிளான்’ வருகிறது. நோயாளியை ஆராய்வது, பிரச்சினையை வரையறுப்பது, இலக்கு வைப்பது, செய்வது, பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பது. நர்ஸிங் மாணவிகள் கட்டம் போட்டு எழுதிப் பழகும் இந்த வரிசை, அமெரிக்கச் செவிலியர் ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961இல் எழுதிய நூலிலிருந்து வளர்ந்தது. பல இடங்களில் ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்டும் தாளாக இது தேய்ந்துவிட்டது வருத்தமான விஷயம். செப்சிஸ் நோயாளியிடம் இந்தக் கடைசிக் கட்டம், திரும்பிப் பார்ப்பது, மணிக்கொரு முறை நடக்க வேண்டும்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் 80/50. மேல் எண்ணோடு கீழ் எண்ணின் இரு மடங்கைக் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 60. இலக்கு 65. சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு அரை மில்லியாவது வர வேண்டும்; இவருக்கு 30 மி.லி. இரண்டு மணி நேரமாகப் பையில் 15, 12 என்று இறங்கினால், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அந்தப் பை சொல்கிறது. கிலோவுக்கு 30 மி.லி. என்ற வழிகாட்டுதல்படி முதல் மூன்று மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய நீர் சுமார் 1,800 மி.லி. திட்டத்தின் ஒவ்வொரு வரியும் இப்படி ஒரு எண்ணோடு இருந்தால்தான், அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு நோயாளி தேறுகிறாரா, சரிகிறாரா என்று புரியும்.

முதல் மணி நேரத்தில் வேலைகளின் வரிசை முக்கியம். ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு அதன் பிறகே ஆன்டிபயாட்டிக். மருந்து முதலில் போய்விட்டால் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம். அதற்காக ரத்தம் எடுப்பதைக் காரணம் காட்டி மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. கனடாவில் ஆனந்த் குமார் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த அழுத்தம் விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அடுத்த ஆறு மணி நேரத்தில் ஒவ்வொரு மணி தாமதத்துக்கும் பிழைப்பவர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. ரோரி விதிகள் வந்த பிறகு நியூயார்க்கின் 149 மருத்துவமனைகளில் 49,331 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வந்த முடிவும் அதே திசையைத்தான் காட்டியது. ஆனால் அந்த ஆய்வில், முதல் சுற்று நீரை ஏற்றி முடிக்கும் வேகத்துக்கும் உயிர் பிழைப்பதற்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை.

நீரின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் தொற்றோடு வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வு 2011இல் வெளியானது. வேகமாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல். அப்படி ஏற்றப்படாதவர்களில் ஏழு சொச்சம். தீவிர சிகிச்சை வசதி குறைந்த இடங்களில் டிரிப்ஸும் உயிரைப் பறிக்கக்கூடும் என்று மருத்துவ உலகம் அதிர்ச்சியோடு கற்றுக்கொண்டது. அதனால் பாட்டில் ஓடத் தொடங்கியதும் செவிலியரின் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மூச்சு கூடுகிறதா, நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்த ஓசை கேட்கிறதா, ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று பார்க்கிறார்.

நீருக்கும் அழுத்தம் மசியாவிட்டால் நார்அட்ரினலின். பம்பில் சொட்டுச் சொட்டாகப் போகும் இந்த மருந்து தீர்ந்து, சிரிஞ்சை மாற்றும் சில நிமிட இடைவெளியிலேயே ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடக்கூடும். அனுபவமுள்ளவர்கள் அடுத்த சிரிஞ்சை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள். கை நரம்பு வழியே போகும்போது ஊசி குத்திய இடத்துத் தோல் வெளுக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பார்கள். மருந்து வெளியே கசிந்தால் அங்கே சதையே அழுகிவிடக்கூடும்.

விலையுயர்ந்த கருவி இல்லாமலும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே நாடுகளின் 28 மருத்துவமனைகளில் 424 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சை. மற்றவர்களுக்கு விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் பத்து விநாடி அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிச் சிகிச்சை. மூன்று விநாடியைத் தாண்டினால் ரத்த ஓட்டம் போதவில்லை. 2019இல் வந்த முடிவில், விரலைப் பார்த்த பிரிவில் 28 நாளுக்குள் 34.9 சதவீதம் பேரும், லாக்டேட்டைப் பார்த்த பிரிவில் 43.4 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் உறுதியானது என்று சொல்ல முடியவில்லை. இருந்தும் 2021இன் சர்வதேச வழிகாட்டுதல் இந்த விரல் சோதனையையும் சேர்த்துக்கொண்டது.

பிழைக்க வைப்பதற்காக நரம்பில் செருகிய குழாயே இரண்டாவது தொற்றுக்கு வழியாவதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யு.க்களில் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஒரு எளிய பட்டியலைப் பரப்பினார். கையைக் கழுவு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, நோயாளியை முழுவதும் போர்த்து, முடிந்தவரை தொடை நரம்பைத் தவிர், தேவையில்லாத குழாயை எடுத்துவிடு. மருத்துவர் ஒரு படியைத் தாண்டினால் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டில், ஆயிரம் குழாய்-நாட்களுக்கு 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று 1.4க்கு இறங்கியது. பட்டியலை எங்கும் அச்சடித்துவிடலாம். ‘சார், கொஞ்சம் நிறுத்துங்க’ என்று சொன்ன செவிலியர் பக்கம் நிர்வாகம் நின்றதுதான் அங்கே நடந்த உண்மையான மாற்றம்.

இவற்றோடு புரட்டிப் படுக்க வைப்பது, வாய் சுத்தம், தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, சர்க்கரை பார்ப்பது என்று நீளும் வேலைகளுக்கு ஆள் வேண்டும். ஒரே செவிலியரிடம் பத்துப் பன்னிரண்டு பேரை ஒப்படைத்துவிட்டு மணிக்கொரு முறை சிறுநீரை அளக்கச் சொல்வது அநியாயம்.

வார்டை விட்டுப் போன பிறகும் பலருக்கு நோய் முழுதாக விடுவதில்லை. மறதி, சோர்வு, கெட்ட கனவு தொடர்கின்றன. மயக்க மருந்திலும் ஜன்னியிலும் கழிந்த நாட்களில் நடந்தது எது, கண்டது எது என்று புரியாமல் தவிப்பவர்கள் உண்டு. இதற்காக ஸ்காண்டிநேவிய நாடுகளின் செவிலியர்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளி நினைவின்றிக் கிடக்கும் நாட்களில் கட்டிலருகே ஒரு டைரி இருக்கும். இன்று யார் பார்க்க வந்தார்கள், எப்போது சுவாசக் குழாயை எடுத்தோம், வெளியே மழையா வெயிலா என்று எளிய சொற்களில் எழுதிவைப்பார்கள். வீட்டாரும் எழுதலாம். ஆறு ஐரோப்பிய நாடுகளில் ஐ.சி.யு.விலிருந்து மீண்ட 352 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், டைரி கைக்கு வந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு மட்டுமே அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாக வந்தது. டைரி இல்லாதவர்களில் அது 13 சதவீதம். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்துதான் டைரியைத் தருவார்கள். தரும்போது ஒரு செவிலியர் பக்கங்களை அவரோடு சேர்ந்து புரட்டி, அந்தந்த நாளில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டு போவார்.