ஏழு கார், பிறகு இரண்டு கார், பிறகு குதிரை

பட்டுப்பாதையின் ஒரு முனையில் கிளம்பி மறுமுனையில் போய்ச் சேர்ந்த வணிகரைத் தேடினால் ஆள் அகப்படுவது அரிது. சீனத்துப் பட்டு ரோமுக்குப் போனது. ஆனால் அதைச் சுமந்தவர்கள் இரண்டு ஊரையும் பார்த்திருக்கத் தேவையே இல்லை. ஒரு சந்தைவரை ஒருவர், அங்கிருந்து அடுத்த சந்தைவரை இன்னொருவர். பாலையில் ஒட்டகம், மலையில் யாக், சமவெளியில் குதிரையும் கழுதையும். மாயெஸ் டிடியானுஸ் என்ற வணிகர் சீனம்வரை வழியின் நீளத்தைக் குறித்துவைத்தார் என்பது புவியியல் அறிஞர் தாலமியின் நூலால் தெரிகிறது. அவர்கூடத் தானே போகவில்லை. ஆட்களை அனுப்பினார், கணக்கை வாங்கிக்கொண்டார். பட்டில் ஒரு பங்கு நடுவழியிலேயே தெற்கே திரும்பிக் கடலுக்கு வந்துவிட்டது. சேரர் துறைமுகமான முசிறியில் கிடைத்த சரக்குகளில் சீனப்பட்டையும் ஒன்றாகச் சொல்கிறது பெரிப்ளூஸ் என்ற பழைய கடல்வழி நூல்.

கூட்டமாக, அதாவது சாத்தாகத்தான் போகவேண்டும் என்பது இந்தப் பாதையின் முதல் சட்டம். அதற்கு ஒரு பெண்ணே சாட்சி. 1907-இல் துன்ஹுவாங் அருகே பழைய காவல் கோபுரம் ஒன்றில் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்த சொக்டிய மொழிக் கடிதங்கள் கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. அவற்றில் இரண்டு மிவ்னாய் என்பவள் எழுதியவை. கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று ஆண்டாகியும் அவளால் ஊரைவிட்டுக் கிளம்ப முடியவில்லை. அங்கிருந்து கூட்டங்கள் புறப்படாமல் இல்லை. அழைத்துப்போகத்தான் ஆள் இல்லை. கோயில் பூசாரி ஒருவர் ஒட்டகமும் துணைக்கு ஓர் ஆளும் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று தாய்க்கு எழுதுகிறாள். கணவனுக்கு எழுதியதில் இருப்பது வசவு. கடிதங்கள் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது.

இப்படிப்பட்ட பாதையை ஒரே குழு, ஒரே வண்டிகளில், ஒரே மூச்சில் கடந்துவிடலாம் என்று 1920-களின் கடைசியில் பாரிஸில் ஒருவருக்குத் தோன்றியது. அவர் ஆந்த்ரே சிட்ரோயன். இன்று நம் திருவள்ளூரில் கார் தயாரிக்கும் அதே நிறுவனத்தை உருவாக்கியவர். விளம்பரத்தில் மனிதர் அசாத்தியர். 1925 முதல் ஈஃபில் கோபுரத்தின் மீதே தன் பெயரை மின்விளக்கில் எரியவிட்டவர். 1922 டிசம்பரில் அவருடைய வண்டிகள் சகாராவைக் கடக்கக் கிளம்பின. 1924-25-இல் ஆப்பிரிக்காவை வடக்கிலிருந்து தெற்கே அளந்தன. மிச்சமிருந்தது ஆசியா.

வண்டியின் ரகசியம் பின்சக்கரத்தில் இருந்தது. ரஷ்ய ஜார் மன்னரின் கார்களைப் பராமரித்த அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், பனியில் கார் புதையாமல் ஓட ரப்பர் பட்டை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். முன்னால் சாதாரணச் சக்கரம்; பின்னால் டாங்கியைப்போலச் சுழலும் பட்டை, ஆனால் இரும்பில்லை, ரப்பர். மணலிலும் சேற்றிலும் பனியிலும் அது இறங்காமல் நகரும். வேகம் கிடையாது. அந்த வண்டிகளிடம் யாரும் வேகத்தை எதிர்பார்க்கவும் இல்லை.

தலைவர் ஜார்ஜ்-மாரி ஹார்ட். சகாரா, ஆப்பிரிக்கா இரண்டு பயணங்களையும் நடத்தியவர். துணைத்தலைவர் லூயி ஓதுவான்-துப்ரய். தொல்லியலுக்கு ஜோசப் ஹாக்கின், ஓவியத்துக்கு ரஷ்யரான யாகோவ்லெவ், படப்பிடிப்புக்கு ஆந்த்ரே சோவாஜ், நேஷனல் ஜியோகிராஃபிக் இதழிலிருந்து மேனார்ட் ஓவன் வில்லியம்ஸ். இவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே போகும் பாமீர் குழு. எதிர்த்திசையில் சீனாவிலிருந்து கிளம்பும் இன்னொரு குழுவுக்குக் கடற்படை அதிகாரி விக்டர் புவான் தலைவர். புதைபடிவ ஆய்வாளரும் இயேசு சபைத் துறவியுமான தெய்யார் த ஷார்தன் அதில் இருந்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஏழு வண்டிகள். நடுவில் காஷ்கரில் கைகுலுக்குவது திட்டம்.

திட்டம் கிளம்பும் முன்பே குலைந்தது. சோவியத் மத்திய ஆசியா வழியாகப் போகலாம் என்று நம்பியிருந்தார்கள். மாஸ்கோ கடைசி நேரத்தில் அனுமதி மறுத்துவிட்டது. மாற்று வழி ஒன்றுதான்: ஈரான், ஆப்கானிஸ்தான், பிரிட்டிஷ் இந்தியா, அங்கிருந்து இமயத்தின் மேலேறி கில்கித். காரில் இமயமலையா என்று கேட்டவர்களில் அந்த மலையை அறிந்த ஆங்கிலேய அதிகாரிகளும் உண்டு.

1931 ஏப்ரல் 4-ஆம் தேதி பெய்ரூட்டிலிருந்து ஏழு வண்டிகள் புறப்பட்டன. பாக்தாத், தெஹ்ரான், ஹெராத், காபூல், பெஷாவர். இந்தப் பகுதியைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், புழுதி, விருந்து, வரவேற்புரை. ஜூன் கடைசியில் ஸ்ரீநகர்.

உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது. ஸ்ரீநகரிலிருந்து கில்கித்துக்குச் சுமார் 370 கிலோமீட்டர். எல்லைப்புறப் படைக்குச் சரக்கேற்றிப்போகும் குதிரைகளுக்காகவும் கோவேறு கழுதைகளுக்காகவும் பிரிட்டிஷார் வைத்திருந்த மலைத்தடம் அது. அகலம் ஒரு சுமைவிலங்கின் கணக்கில். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஆறு ஓடும் பள்ளம். முதலில் திராக்பல், பிறகு ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் பர்சில் கணவாய். ஜூலையிலும் அங்கே பனி உண்டு. அந்த ஆண்டு மழையும் பலம். தடம் பல இடங்களில் சரிந்து கிடந்தது.

ஏழு வண்டியையும் ஏற்றுவது நடக்கிற காரியம் இல்லை என்று ஹார்ட் முடிவெடுத்தார். இரண்டு மட்டும் போகட்டும்: தன்னுடைய ‘தங்க வண்டு’, கூட ‘வெள்ளிப் பிறை’. மற்ற ஐந்தும் நின்றுவிட்டன. வழியில் ஓர் இடத்தில் தங்கும் கூட்டத்துக்கு உணவும் விலங்குகளுக்குத் தீவனமும் ஓர் அளவுக்குமேல் கிடைக்காது என்பதால், எல்லோரும் ஒன்றாகப் போகவில்லை. பல பிரிவாகப் பிரிந்து, நாள்கணக்கில் இடைவெளி விட்டுப் புறப்பட்டார்கள். சாமான்களுக்கு நூற்றுக்கணக்கில் குதிரைகளும் சுமையாட்களும். ஆக, இரண்டு காரைப் பார்த்துக்கொள்ள ஒரு முழு சாத்து தேவைப்பட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒட்டகக்காரர் யாராவது பார்த்திருந்தால் ஏற்பாட்டில் குறை சொல்லியிருக்க மாட்டார். அந்த இரண்டு இரும்பு வண்டிகள் எதற்கு என்று மட்டும் கேட்டிருப்பார்.

ஜூலை 12-ஆம் தேதி வண்டிகள் ஸ்ரீநகரைவிட்டுக் கிளம்பின. தடம் திரும்பும் இடங்களில் ஒரே திருப்பத்தில் வளைக்க முடியாது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால். பின்னால் வரும்போது பட்டையின் ஓரம் பள்ளத்துக்கு மேலே நிற்கும். பர்சிலின் பனியில் கயிறு கட்டி ஆட்கள் இழுத்தார்கள். ஓரிடத்தில் ‘தங்க வண்டு’வின் எடையில் கல்லடுக்கிய தடமே பெயர்ந்து விழுந்தது. கார் பாதி பாதையிலும் பாதி வெட்டவெளியிலுமாகத் தொங்கியது. வில்லியம்ஸ் அதைப் படமெடுத்தார். இன்றும் இந்தப் பயணத்தைப்பற்றி எங்கு பேச்சு வந்தாலும் அந்தப் படம் வந்துவிடுகிறது. கயிற்றால் இழுத்துக் கட்டி, சரிந்த இடத்தில் கல்லை அடுக்கி, அங்குலம் அங்குலமாகக் காரைப் பாதைக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னும் மேலே போனதும் அதுவும் பலிக்கவில்லை. தடமே காணாமற்போன இடத்தில் காரை நிறுத்தி, ஸ்பானரை எடுத்தார்கள். எஞ்சின் தனி, சக்கரம் தனி, பட்டை தனி, அடிச்சட்டம் தனி. அந்தப் பாகங்களை ஆட்கள் தோளில் சுமந்து மண்சரிவைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் போய் மீண்டும் பூட்டினார்கள். விளம்பரத்தில் இதை எப்படிச் சொல்வது என்று பாரிஸில் யாராவது தலையைச் சொறிந்திருப்பார்கள். ஆனால் மெக்கானிக்குகளின் கைத்திறமைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று இருக்க முடியாது. மலையோரத்தில், மெல்லிய காற்றில் மூச்சுவாங்கிக்கொண்டு, ஒரு நட்டும் தொலையாமல் காரைப் பிரித்துப் பூட்டுவது சாமானிய வேலையா?

ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரண்டு கார்களும் கில்கித்தில் நின்றன. இருபத்து மூன்று நாள். சராசரியாக ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர். பழகிய சுமைக்குதிரை இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கும். ஹார்ட் அங்கே கார்களை விட்டுவிட்டார். அதற்கப்பால் ஹூன்ஸா வழியாகப் பாமீரைக் கடந்து காஷ்கருக்குக் குதிரையிலும் யாக்கிலும் ஒட்டகத்திலும்தான் போனார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் மிகச் சரியான முடிவு இதுதான். நிலத்துக்கு ஏற்ப வாகனத்தை மாற்று என்பது அந்தப் பாதையின் பழைய விதி. அதற்குப் பணிந்த பிறகுதான் பாமீரைத் தாண்ட முடிந்தது.

சீனப் பக்கத்தில் மலையைவிட மனிதர்கள் பெரிய தடையானார்கள். புவானின் குழு ஏப்ரலிலேயே தியென்ட்சினிலிருந்து கிளம்பியிருந்தது. கோபியில் அவர்களுக்கு வேண்டிய பெட்ரோல் முன்கூட்டியே போயிருந்தது. எதில் என்றால், ஒட்டகத்தில். சீன அறிஞர்கள் சிலரும் குழுவில் உண்டு. ஆனால் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. சச்சரவு பத்திரிகைகள்வரை போனது. இதைப் பிரெஞ்சுக்காரர்களின் கண்ணால் மட்டும் பார்த்தால் சீனர்கள் வீம்பு பிடித்ததாகத் தோன்றும். ஆனால் துன்ஹுவாங் குகைகளிலிருந்து 1907-இல் ஸ்டைனும் 1908-இல் பிரான்ஸின் பெல்லியோவும் ஓலைச்சுவடி மூட்டைகளைப்போல ஆயிரக்கணக்கான கையெழுத்துச் சுருள்களைக் கட்டி எடுத்துப்போன நாடு அது. ‘ஆய்வுக்குழு’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை அந்நாட்டார் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. அதே 1930-31-இல் ஸ்டைனின் நான்காவது பயணத்தையும் சீன எதிர்ப்பு பாதியில் நிறுத்திவிட்டது.

சின்ஜியாங்கில் ஆளுநர் ஜின் ஷூரென் தனி ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தார். ஹாமி வட்டாரத்தில் கிளர்ச்சி மூண்டிருந்த நேரம். வானொலிக் கருவியோடு வந்த வெளிநாட்டு வண்டிகளை அவர் உரும்சியில் நிறுத்திவைத்துவிட்டார். வானொலியைத் தொடக் கூடாது, நகரக் கூடாது. விடுவிக்க விலை உண்டு: கார்களும் வானொலிக் கருவிகளும் அன்பளிப்பாக வரவேண்டும். பழைய பாதையில் ஒவ்வொரு கோட்டை வாசலிலும் சாத்துக்காரர்கள் கட்டிய சுங்கத்தின் 1931-ஆம் வருஷத்துப் பதிப்பு இது. கடைசியில் இரு குழுக்களும் சந்தித்தது காஷ்கரில் இல்லை. அக்டோபர் 8-ஆம் தேதி, அக்சுவில்.

அங்கிருந்து எல்லோரும் சீனக் குழுவின் வண்டிகளில் கிழக்கே திரும்பினார்கள். அனுமதிக்குக் காத்துக் காத்துக் குளிர்காலம் வந்துவிட்டது. கோபியில் உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரிவரை இறங்கும் குளிர். எஞ்சினை அணைத்தால் மறுபடி உயிர் வராது என்று இரவிலும் ஓடவிட்டார்கள். 1932 பிப்ரவரி 12-ஆம் தேதி பீகிங். பெய்ரூட்டிலிருந்து ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர், பத்து மாதம்.

வெற்றியின் சுகத்தை அனுபவிக்க ஆளில்லை. திரும்பும் வழியில் ஹாங்காங்கில் நிமோனியா கண்டு மார்ச் மாதமே ஹார்ட் இறந்துபோனார். சோவாஜ் எடுத்த படம் சிட்ரோயனுக்குப் பிடிக்கவில்லை. சுருள்களை வாங்கி லியோன் புவாரியேவிடம் கொடுத்து மாற்றித் தொகுக்கச் சொன்னார். 1934-இல் வெளிவந்தது புவாரியேவின் படம். மனம் வெறுத்த சோவாஜ் சினிமாவையே விட்டுவிட்டார். அதே ஆண்டு சிட்ரோயன் நிறுவனம் திவாலாகி மிஷலின் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஈஃபில் கோபுர விளக்கும் அணைந்தது. மறு ஆண்டு சிட்ரோயனும் போய்விட்டார்.

இன்று பட்டுப்பாதைக்குக் குழுச்சுற்றுலா உண்டு. சாமர்கண்ட், புகாரா என்று விமானத்திலும் ரயிலிலும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். காஷ்கரையும் கில்கித்தையும் 1979-இல் கட்டிமுடிந்த காரகோரம் நெடுஞ்சாலை இணைக்கிறது. 4,693 மீட்டர் உயரத்தில் உள்ள குஞ்சராப் கணவாயைச் சாதாரணப் பேருந்தே தாண்டுகிறது. ஹார்ட் கார்களைக் கைவிட்ட பகுதி இப்போது எளிது. படாதபாடு பட்டுக் கார் ஓட்டிய பகுதிதான் அடைபட்டுக் கிடக்கிறது. ராஸ்தான் என்று இன்று சொல்லப்படும் திராக்பல் கணவாயை ஏறி இறங்கி குரேஸ் பள்ளத்தாக்குவரை நம்மூர்ப் பயணிகளும் வாடகைக் காரில் போய்வரலாம். அதைத் தாண்டினால் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. பர்சில் கணவாய் கோட்டுக்கு அந்தப் பக்கம். அதைப் பார்க்க இஸ்லாமாபாத் போய், அஸ்தோர் வழியாகத் தெற்கே ஏறிவர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதற்கான விசா லேசில் கிடைப்பதில்லை.