சரக்கு இறக்கும்போது ஒரு கேமரா
லாரியில் சரக்கு நனைந்து வந்தால் நாம் வாய்ச்சண்டை போடுவதோடு சரி. மூட்டையை இறக்குமுன் படம் எடுத்துவிட்டால் பேச்சு சுருங்கும். செல்போன் இருக்க, சிறிய டிஜிட்டல் கேமரா எதற்கு என்பார்கள். அதன் லென்ஸ் நீண்டு, எட்டத்து மூட்டையின் மார்க்கையும் தெளிவாகப் பிடிக்கும். ஆள் மாறினாலும் கேமரா கடையிலேயே இருக்கும். ஆனால் மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் அந்த லென்ஸ் இடுக்கில் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். தேதியை நாமே சரியாக வைக்காவிட்டால் படமே எதிர்சாட்சி. படத்தை உடனே மண்டிக்கு அனுப்பவும் செல்போன்தான் வசதி. ஆகவே மிளகாய், மாவு வியாபாரிகளுக்கு நாம் கேமராவைச் சொல்ல மாட்டோம். எண்ணெய் டின் இறக்குவோர் தாராளமாக வாங்கலாம். எதில் எடுத்தாலும் படம் மட்டும் போதாது. 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கை புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் தராவிட்டால் வழக்கே போட முடியாது.