சங்குவளை நாரையை இனங்காணல்

தை மாதம் ஒரு நாள் கூந்தன்குளக் கரையில் நின்று, "அதோ, செங்கால் நாரை!" என்று நான் கூவினேன். உடன் வந்த நண்பர்கள் ஒப்புக்கொண்டனர். அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒப்பவில்லை. "மூக்கப் பாருங்க தம்பி, மஞ்சளால்லா இருக்கு" என்றார். விலங்கியல் மாணவனாகிய எனக்கு அன்று உண்டான வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரையை நாம் அனைவரும் அறிவோம். அதன் அலகு பவள நிறம் என்பதையும் புலவர் சொல்லத் தவறவில்லை. நான்தான் காலை நினைவில் வைத்து அலகை மறந்தேன். நாங்குநேரி வட்டத்திலுள்ள இக்குளத்தில், 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், திரளாகக் கூடு கட்டுவது சங்குவளை நாரை. மஞ்சள்மூக்கு நாரை என்றும் கூறுவர்.

நிமிர்ந்து நின்றால் மூன்றடி உயரம் இருக்கும். அலகு நீண்டு தடித்து, நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். முகத்தில் இறகில்லை, ஆரஞ்சு நிறத் தோல்தான். மார்பின் குறுக்கே கரும்பட்டை, அதில் வெள்ளைச் செதில்கள் கோலமிட்டாற்போல. வாலையொட்டி ரோஜா நிறத் தூவிகள் தொங்கும். இவ்வழகு நம் நாட்டின் வேறெந்த நாரைக்கும் இல்லை.

கால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்! இளஞ்சிவப்புதான், ஆனால் வெயிலில் உடற்சூடு தணியத் தன் எச்சத்தைக் காலின்மேலேயே இட்டுக்கொள்வதால், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும்.

பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கும், நாரை நீட்டும். செங்கால் நாரைக்கு வால் வெள்ளை, இதற்குக் கறுப்பு.

சித்திரையில் மீண்டும் சென்றபோது இன்னொரு பிழை செய்தேன். மங்கலான பழுப்பு நிறத்தில், மார்புப் பட்டையின்றி நின்ற பதினேழு பறவைகளை நத்தைகுத்தி நாரை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அவை சங்குவளை நாரையின் இளம்பறவைகள்! முழு வண்ணமும் பெற அவற்றிற்கு இரண்டு மூன்று ஆண்டுகளாகும். நான் எழுதியதை ஒருவர் நம்பினால், அவ்வாண்டு அங்கே சங்குவளை நாரைக் குஞ்சே பொரிக்கவில்லை என்றல்லவா முடிவு செய்வார்?

இங்கும் அலகே காப்பாற்றியது. வளர்ந்த நத்தைகுத்திக்கு அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். இவையோ வளைந்த அலகைப் பாதி திறந்து நீரில் அமிழ்த்தி, இடமும் வலமும் துழாவிக்கொண்டிருந்தன; மீன் பட்டதும் சட்டென மூடின. சிறிது நேரம் பார்த்துவிட்டு, எழுதியதை அடித்துத் திருத்தினேன்.